திருவனந்தபுரத்தில் விமானம் ஏன் இன்னும் இறங்கவில்லை? குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஓர் அறிகுறி வழிகாட்டி

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. மார்த்தாண்டத்துக்காரருக்கும் தக்கலைக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். தூத்துக்குடியும் மதுரையும் இருக்கின்றன. ஆனாலும் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவரை அழைக்கக் கிளம்பும் வண்டி களியக்காவிளையைத் தாண்டித்தான் போகும். மழைக்காலம் பிறந்தால் ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வரும்: "மக்கா, பிளைட்டு லேட்டுன்னு காட்டுது. வண்டிய எடுக்கவா, வேண்டாமா?"

விமான நிறுவனத்தின் செயலி "வானிலை காரணமாக" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த இரண்டு சொல்லுக்குள் ஏழெட்டுக் காரணங்கள் ஒளிந்திருக்கும். சில பத்து நிமிடத்தில் தீரும், சில மறுநாள் வரை இழுக்கும். எது என்று வீட்டில் இருந்தபடியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். விமானி பார்க்கும் வானிலை அறிக்கையே நமக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்குவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு. எப்போது வண்டி எடுப்பது என்பது நம் முடிவு. இந்தக் கட்டுரை இரண்டாவதற்கு மட்டும்.

தொடங்கும் முன்: ஒரே ஒரு வரியைப் படிக்கப் பழகுங்கள்

விமான நிலையத்தில் உள்ள வானிலை அலுவலகம் அரை மணிக்கு ஒருமுறை ஓர் அறிக்கை வெளியிடும். அதற்குப் பெயர் மெட்டார். திருவனந்தபுரத்தின் நான்கெழுத்துக் குறியீடு வி.ஓ.டி.வி. டிக்கெட்டில் இருக்கும் டி.ஆர்.வி வேறு, அதைப் போட்டால் பல வானிலைத் தளங்களில் ஒன்றும் வராது. திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும், இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். மாதிரிக்கு ஒரு வரி:

வி.ஓ.டி.வி 121130இசட் 28012கே.டி 2500 +ஆர்.ஏ எஸ்.சி.டி010 பி.கே.என்080 25/24 கியூ1008 டெம்போ 1500 +டி.எஸ்.ஆர்.ஏ

பார்த்தால் மிரட்டும், படித்தால் எளிது. 12ஆம் தேதி, 1130 மணி. 'இசட்' என்பது கிரீன்விச் நேரம், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மாலை 5 மணி. கூட்டாமல் பார்த்துவிட்டு "இது காலையில வந்த ரிப்போர்ட்டு" என்று தள்ளிவிடுகிறவர்கள் நிறைய.

அடுத்தது காற்று. 280 பாகையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, 12 நாட் வேகம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எண்ணுக்கு நடுவே 'ஜி' என்ற எழுத்து வந்தால் காற்று சீராக இல்லை, திடீர் திடீரென வீசுகிறது என்று பொருள். 28012ஜி25 என்றால் 12இல் வீசும் காற்று இடையிடையே 25 வரை எகிறுகிறது.

2500 என்பது கண்ணுக்குத் தெரியும் தூரம், மீட்டரில். 9999 என்றிருந்தால் 10 கிலோமீட்டரும் அதற்கு மேலும். ஆர்.ஏ மழை, முன்னால் கூட்டல் குறி இருந்தால் கனமழை, கழித்தல் குறி என்றால் தூறல் போன்ற லேசான மழை. டி.எஸ் இடி. பி.ஆர் மூட்டம், எஃப்.ஜி பனிமூட்டம். மேகத்தின் உயரத்தை நூறு அடிக் கணக்கில் கொடுப்பார்கள்: 010 என்றால் 1,000 அடி. எஸ்.சி.டி என்றால் வானத்தில் பாதிவரை மேகம். பி.கே.என் என்றால் பாதிக்கு மேல். ஓ.வி.சி என்றால் முழுசாக மூடிவிட்டது. மேகத்தோடு சி.பி ஒட்டியிருந்தால் இடிமேகம், அதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

25/24, கியூ1008 ஆகியவை வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் பற்றியவை, நமக்கு வேண்டாம். கடைசியில் டெம்போ: இடையிடையே, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இப்படி மாறலாம் என்ற எச்சரிக்கை. அந்த இடத்தில் நோசிக் என்று இருந்தால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. வண்டி எடுக்க நினைப்பவருக்கு மொத்த வரியிலும் மிகப் பயன்படும் சொல் இதுதான்.

இதோடு டாஃப் என்ற முன்னறிவிப்பும் உண்டு. அதே குறியீடுகள்தான், ஆனால் வரும் மணி நேரங்களுக்கானது. முந்தைய நாள் இரவே அதைப் பார்த்துவிட்டால் மறுநாள் பதற்றம் பாதி குறையும். விமானம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஃபிளைட்ரேடார்24 போன்ற ஒரு செயலி, இடிமேகம் எங்கே என்று பார்க்க இந்திய வானிலைத் துறையின் ராடார் படம். இவ்வளவு போதும்.

அறிகுறி: நம் வீட்டில் கொட்டுகிறது, செயலியில் 'சரியான நேரம்' என்று இருக்கிறது

செயலியை நம்புங்கள். நம் மாவட்டத்து மழைக்கும், திருவனந்தபுரம் விமான நிலையம் இருக்கும் சங்குமுகம் ஓடுதளத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தென்மேற்குப் பருவமழையில் விளவங்கோடும் கல்குளமும் நனையும்போது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் காய்ந்துகொண்டிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தூக்கும், ஆனால் துளி விழாது. மாவட்டத்துக்குள்ளேயே இப்படி என்றால், நாகர்கோவில் மாடியில் நின்று வானத்தைப் பார்த்துத் திருவனந்தபுரத்தைக் கணிப்பது வீண்வேலை. மழை நமக்குத் தொல்லை தருவது சாலையில்தான். நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் நனைந்தால் நாகர்கோவிலிலிருந்து வழக்கமான இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. விமானம் நேரத்துக்கு வந்து, நாம் வராமல் மாமா வாசலில் பெட்டியோடு நிற்கும் நிலைதான் இந்த அறிகுறியில் உண்மையான ஆபத்து.

அறிகுறி: விமானம் கடலுக்கு மேலே வட்டமடிக்கிறது

செயலியில் பார்த்தால் நீள்வட்டமாக ஒரே இடத்தைச் சுற்றும். இதற்குக் 'ஹோல்டிங்' என்று பெயர். விமானத்துக்கு எந்தக் கோளாறும் இல்லை, வரிசையில் காத்திருக்கிறது. கீழே என்ன நடக்கிறது என்பதை மெட்டாரில் தேட வேண்டும்.

முதலில் காண்தூரத்தைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் இருப்பது ஒரே ஓடுதளம், அதன் இரு முனைகளுக்கும் 14, 32 என்று பெயர். 140 பாகை, 320 பாகை என்ற திசைகளின் சுருக்கம் அது. 32 முனைக்கு வரும் விமானம் தென்கிழக்கிலிருந்து, அதாவது நம் பக்கமிருந்து, கரையை ஒட்டி வரும். நீரோடி, வள்ளவிளைக் கடற்கரையில் நிற்பவர்கள் தாழ்வாகப் போகும் விமான விளக்கைப் பார்ப்பது இதனால்தான். விமானத்தை ஓடுதளத்தின் நடுக்கோட்டுக்கும் சரியான இறங்குகோணத்துக்கும் இழுத்துவரும் ஐ.எல்.எஸ் என்ற வானொலி வழிகாட்டி இருப்பதும் இந்த 32 பக்கம். இதன் அடிப்படை வகையில், தரையிலிருந்து 200 அடி உயரம் வரை விமானி கருவியை நம்பி வரலாம். அந்த உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ கண்ணில் படவில்லை என்றால் மேலே ஏறியாக வேண்டும். ஓடுதளத்தில் காண்தூரம் 550 மீட்டருக்குக் கீழே போனால் அந்த வகையில் இறங்க முயல்வதற்கே அனுமதி இல்லை.

ஆகவே மெட்டாரில் 2500 என்றிருந்தால் கவலை வேண்டாம், 1500 என்றாலும் வந்துவிடும். 800, 600 என்று சரிந்தால் வட்டம் நீளும். நல்ல செய்தி: நம் கடற்கரை மழையில் காண்தூரம் இந்த அளவுக்கு விழுந்தால் அது பெரும்பாலும் நீடிப்பதில்லை, கால் மணி, அரை மணியில் திரை விலகும். டெல்லிப் பனிமூட்டம் மாதிரி காலை முழுக்க உட்கார்ந்திருக்காது.

காண்தூரம் நன்றாக இருந்தும் சுற்றினால், சி.பி அல்லது டி.எஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் அகஸ்திய மலைப் பக்கம் இடிமேகம் எழும்பி, மாலையில் கரையை நோக்கி இறங்கும். அது விமானம் வரும் பாதையில் நின்றால் ஓடுதளத்தில் வெயிலடித்தாலும் இறங்க முடியாது. மெட்டாரில் வி.சி.டி.எஸ் என்று வந்தால் இடி நிலையத்தின் தலைக்கு மேலே இல்லை, சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ராடார் படத்தைத் திறந்து, அந்தச் சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். கடலுக்குள் போய்விட்டால் வழி திறக்கும்.

அறிகுறி: இறங்க வந்து, ஓடுதளம் வரை வந்துவிட்டு, மறுபடி மேலே ஏறிவிட்டது

இதுதான் வீட்டில் அதிகம் அழ வைப்பது. அழத் தேவையில்லை. 'கோ-அரவுண்ட்' என்பது விமானிக்குப் பயிற்சியின் முதல் கட்டத்திலேயே கற்பிக்கப்படும் வேலை. சந்தேகம் வந்தால் ஏறு என்பதே விதி. பயணிகளுக்கு வயிற்றைக் கலக்கும். இறங்கக் கூடாத நேரத்தில் இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

காரணத்தைக் காற்றில் தேடுங்கள். சில கணக்குகள் தெரிந்தால் போதும். விமானம் காற்றை முகத்தில் வாங்கித்தான் இறங்க விரும்பும். முதுகுக்காற்று என்றால் தரையைத் தொடும்போது வேகம் கூடிவிடும், நிற்கும் தூரமும் நீளும். பெரும்பாலான பயணிகள் ஜெட் விமானங்களுக்கு முதுகுக்காற்றின் வரம்பு 10 நாட், சில வகைகளுக்கு 15. தென்மேற்குப் பருவத்தில் மேற்கும் வடமேற்குமாகக் காற்று வீசும்போது 32 முனை வசதி. ஆனால் மலையிலிருந்து இறங்கும் இடிமேகம் தன் முன்னால் ஒரு குளிர்காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். மழைக்கு முன் மண்வாசனையோடு திடீரென்று வீசும் காற்று அதுதான். மெட்டாரில் 100 பாகையிலிருந்து 18 நாட் என்று வந்துவிட்டது என்று வையுங்கள். 32 முனைக்கு வரும் விமானத்துக்கு அதில் ஏறக்குறைய 14 நாட் முதுகில் விழும். வரம்பு தாண்டிவிட்டது, ஏறித்தான் ஆக வேண்டும்.

அடுத்து நடப்பது ஓடுதள மாற்றம். வரிசையில் நிற்கும் எல்லா விமானத்தையும் சுற்றிக் கொண்டுபோய் வடமேற்குப் பக்கமிருந்து 14 முனைக்கு இறக்குவார்கள். செயலியில் பார்க்கிறவருக்கு விமானம் ஏர்போர்ட்டைத் தாண்டிக் கொல்லம் பக்கம் போவது போலத் தெரியும். அது கொச்சிக்குப் போகிறது என்று முடிவுகட்டி வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். உயரத்தைப் பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் திரும்பி வரப்போகிறது. ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

பக்கக்காற்று, திடீர் காற்று மாற்றம் ஆகியவையும் விமானத்தை ஏற வைக்கும். காற்றுக்கும் ஓடுதளத்துக்கும் உள்ள கோண வித்தியாசம் 30 பாகை என்றால் காற்றின் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தாக்கும், 60 பாகைக்கு மேல் என்றால் கிட்டத்தட்ட முழுவதும். ஜூன், ஜூலையில் 'ஜி' எழுத்து அடிக்கடி வரும் நாட்களில் ஒருமுறை ஏறி இறங்குவது சகஜம்.

ஒருமுறை சகஜம், இரண்டாம் முறையும் பொறுக்கலாம். அதற்கு மேல் ஏன் விடுவதில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. 2015 ஆகஸ்ட் 18 அதிகாலை, தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு போயிங் 737 அங்கே மோசமான காண்தூரத்தில் பலமுறை முயன்று முடியாமல் திருவனந்தபுரத்துக்கு வந்தது. இங்கும் வானம் மூடியிருந்தது. ஏழாவது முயற்சியில்தான் இறங்கியது. அப்போது தொட்டியில் மிச்சமிருந்த எரிபொருள் 349 கிலோ. அந்த வகை விமானத்துக்கு அது சில நிமிடக் கணக்கு. கொச்சியும் திருவனந்தபுரமும் ஒரே கடற்கரையில் ஒரே மேகத்துக்குக் கீழே இருப்பவை. ஒன்று மூடினால் மற்றொன்று திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. கேரளக் கடற்கரைக்கு வரும் விமானி மழைக்காலத்தில் மதுரை, கோயம்புத்தூர் என்று மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களையும் மனதில் வைத்திருப்பது இதனால்தான்.

அறிகுறி: மழை விட்டுவிட்டது, காற்றும் அடங்கிவிட்டது, இன்னும் இறங்கவில்லை

"இங்க மழை நின்னு பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் என்ன?" என்று ஏர்போர்ட் வாசலில் நிற்கும் ஓட்டுநர் போன் பண்ணுவார். வானம் தெளிந்துவிட்டது. இப்போது பிரச்சினை தரையில்.

கனமழைக்குப் பிறகு ஓடுதளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வண்டியில் போய்ப் பார்ப்பார்கள். அவர்கள் உள்ளே நிற்கும் நேரத்தில் விமானம் இறங்க முடியாது. ஓடுதளத்தை நீளவாக்கில் மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஒரு மதிப்பெண் கொடுப்பார்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான இந்த முறை 2021 நவம்பர் 4இல் நடைமுறைக்கு வந்தது. 6 என்றால் காய்ந்த தரை. 5 என்றால் ஈரம், தண்ணீர் 3 மில்லிமீட்டருக்குள். ஈரமானால் வழுக்கும் என்று முன்பே அறிவிக்கப்பட்ட தரைக்கு 3. தண்ணீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கினால் மதிப்பெண் சடாரென்று 2க்கு இறங்கிவிடும். மீதி எண்கள் பனியும் பனிக்கட்டியும் விழும் நாடுகளுக்கு. நமக்கு அவற்றோடு வேலையில்லை.

3 மில்லிமீட்டர் என்பது ஒரு விரல்நகத்தின் உயரம்கூட இல்லை. அதற்கு ஏன் இத்தனை பயம்? வேகமாக வரும் சக்கரம் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ள நேரமில்லாமல் அதன் மேலேயே ஏறி வழுக்கும். குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தண்ணீருக்குள் போகாமல் துள்ளித் துள்ளிப் போகுமே, அது போல. பிரேக் பிடித்தாலும் பிடிக்காது. இதற்கு விமானிகள் படிக்கும் சூத்திரம் எளிமையானது: டயரின் அழுத்தத்தை பி.எஸ்.ஐ கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் எந்த வேகத்தில் வழுக்கத் தொடங்கும் என்பது நாட் கணக்கில் கிடைக்கும். 200 பி.எஸ்.ஐ டயருக்கு அது 127 நாட். வளைகுடாவுக்கு ஓடும் நடுத்தர ஜெட்டுகள் தரையைத் தொடுவது பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட வேகத்தில்தான். ஆக, தண்ணீர் தேங்கியிருந்தால் முதல் சில நூறு மீட்டர்கள் விமானியின் கையில் முழுதாக இல்லை. விமானத்தை உறுதியாக, கொஞ்சம் 'டங்' என்றே தரையில் வைப்பதும், இன்ஜினின் எதிர்உந்துதலைப் பயன்படுத்துவதும் அதற்காகவே. மழைநாளில் மெத்தென்று இறக்கவில்லை என்று விமானியைக் குறை சொல்லும் நம் ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இந்தக் கணக்கு விமானம் புறப்படும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஜெட் விமானம் சோதனையில் நின்ற தூரத்தை 0.6ஆல் வகுத்து வரும் நீளம் காய்ந்த ஓடுதளத்தில் இருக்க வேண்டும், ஈரம் என்று முன்னறிவிப்பு இருந்தால் அதற்கு மேல் இன்னும் 15 சதவீதம். சோதனையில் 1,000 மீட்டரில் நின்ற விமானத்துக்கு ஈரநாளில் 1,900 மீட்டருக்கு மேல் வேண்டும். திருவனந்தபுரம் ஓடுதளம் ஏறக்குறைய 3,400 மீட்டர், ஆகவே ஈரம் மட்டும் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. ஈரத்தோடு முதுகுக்காற்று, அதோடு தாமதமாகத் தரையைத் தொடுவது என்று மூன்றும் சேரும்போதுதான் விபரீதம். 2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில், துபாயிலிருந்து வந்த விமானம் மழையில் முதுகுக்காற்றோடு இறங்கி, ஓடுதளத்தில் வெகுதூரம் தள்ளித் தரையைத் தொட்டு, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். மேசைபோல் மேட்டில் அமைந்த ஓடுதளம் அது. சங்குமுகத்தில் அந்தப் பள்ளம் இல்லை, ஆனால் ஈரத்தின் இயற்பியல் ஒன்றுதான்.

ஓடுதள மதிப்பெண் மெட்டாரில் வராது. கட்டுப்பாட்டு அறை விமானியிடம் நேரே சொல்லிவிடும். நமக்குக் கிடைக்கும் துப்பு வேறு: மெட்டாரில் ஆர்.இ.ஆர்.ஏ என்று இருந்தால் 'இப்போதுதான் மழை விட்டது' என்று பொருள். அதைப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள். தண்ணீர் வடிய ஓடுதளத்துக்கு நடுவிலிருந்து இரு பக்கமும் சரிவு உண்டு, வடிவது பெரும்பாலும் விரைவிலேயே நடந்துவிடும்.

அறிகுறி: வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள்

முதல் வேலை, வண்டியைக் கொச்சிக்கு விடாமல் இருப்பது. திருப்பிவிடப்பட்ட விமானம் பெரும்பாலும் அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வானம் தெளிந்ததும் திரும்பி வரும். பயணிகளை விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்திருப்பார்கள். அப்படி இருக்கும்போது நாம் அங்கே போய் நின்று என்ன செய்ய? குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துப் பயணிகளை வெளியே விட்டார்கள் என்று உள்ளே இருப்பவரே போனில் சொன்னால் மட்டும் அடுத்த திட்டம்.

எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வானிலையைவிட முக்கியமான ஒன்று உண்டு: விமானி, பணியாளர்களின் பணி நேரம். அதற்குச் சட்ட வரம்பு இருக்கிறது. வளைகுடாவுக்குப் போய்த் திரும்பும் வேலையில் ஏற்கெனவே பாதி நாளைக் கழித்தவர்கள், திருப்பிவிடப்பட்ட ஊரில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் வரம்பைத் தொட்டுவிடலாம். பிறகு வெயில் சுள்ளென்று அடித்தாலும் புதுக் குழு வரும்வரை விமானம் நகராது. திருவனந்தபுர மெட்டார் தெளிந்து ஒரு மணி நேரமாகியும் விமானம் கிளம்பவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. வீட்டுக்குத் திரும்பித் தூங்குவது உத்தமம்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மற்ற இடம் மூடினால் ஒதுங்கும் இடம் திருவனந்தபுரம். 2018 வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தபோது அங்கே போக வேண்டியவற்றில் பல இங்கே வந்தன. 2025 ஜூன் 14 இரவு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் எஃப்-35 போர் விமானம் ஒன்று ஒதுங்க வந்து, பிறகு கோளாறாகி ஜூலை 22 வரை இங்கேயே கிடந்த கதை எல்லாருக்கும் தெரியும். இப்படி வெளியூர் விமானங்கள் வந்து சேரும் நாளில் நிறுத்துமிடம் நெருக்கடியாகி, நம் விமானம் இறங்கிய பிறகும் உள்ளே வர நேரமாகும்.

அறிகுறி: இங்கே வெயில், அங்கே என்னவென்று தெரியவில்லை, விமானம் தாமதம்

மெட்டாரில் திருவனந்தபுரம் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் கிளம்பும் ஊரின் மெட்டாரைப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை துபாய், அபுதாபி, ஷார்ஜா பகுதியில் அதிகாலைப் பனிமூட்டம் வழக்கம். அங்கே எஃப்.ஜி என்று கண்டால் சூரியன் நன்றாக ஏறும்வரை எதிர்பார்க்க வேண்டாம். 2024 ஏப்ரல் 16 பெருமழையில் துபாய் நிலையமே தண்ணீரில் நின்றபோது, இங்கே சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டு "வானிலை காரணமாக" என்ற செய்தியை நம்பாமல் நிறுவனத்தைத் திட்டியவர்கள் உண்டு. திட்டியது வீண்.

அங்கும் சுத்தம் என்றால், அந்த விமானம் அதற்கு முன் எந்த ஊரிலிருந்து வந்தது என்று செயலியில் பாருங்கள். காலையில் வேறு ஊரில் மழையில் மாட்டிய விமானம் இரவு வரை அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டே திரியும்.

இன்னொரு காரணம் திருவனந்தபுரத்துக்கே உரியது. பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு (சுவாமி நீராடும் விழா) ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி ஓடுதளத்துக்குக் குறுக்கே செல்கிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இருமுறை, மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை என்ற கணக்கில், விமானங்களை நிறுத்திவிட்டு சுவாமிக்கு வழிவிடுவார்கள். இது வானிலை இல்லை, முன்கூட்டியே நோட்டாம் என்ற அறிவிப்பாக வெளியாகும், விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றிவிடும். பழைய நேரத்தை மனதில் வைத்துக் கிளம்புகிறவர்தான் மாட்டுவார். திருவிதாங்கூரில் இருந்த நமக்கு இது புதிதல்ல, ஆனால் இளவட்டங்களுக்குத் தெரிவதில்லை. (நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்தும் சுசீந்திரத்திலிருந்தும் வேளிமலையிலிருந்தும் சுவாமி விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாட்கள் வேறு. அப்போது ஓடுதளம் திறந்திருக்கும், நெடுஞ்சாலைதான் நகராது.) ஓடுதளப் பராமரிப்புக்காக மூடுவதும் இதே நோட்டாமில் வரும்.

அறிகுறி: புயல் எச்சரிக்கை, ஆனால் விமானம் ரத்தாகவில்லை

2017 நவம்பர் 30இல் ஓகி வந்துபோன பிறகு நம் மாவட்டத்தில் புயல் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். விமானத்துக்குப் புயலின் பெயர் முக்கியமில்லை. புயல் மையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஓடுதளத்தில் காற்று எத்தனை நாட் என்பதுதான் கணக்கு. டாஃபில் 'ஜி' எண் 35, 40 என்று ஏறினால் ரத்தை எதிர்பாருங்கள். ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்க உரிமை உண்டு. வானிலை காரணம் என்பதால் அதற்கு மேல் நஷ்டஈடு கிடைக்காது. அன்றைக்கு விமானத்தைவிடச் சாலையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மரம் விழுந்த சாலையில் இரவில் வண்டி எடுப்பதைவிட, வருகிறவரைத் திருவனந்தபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கச் சொல்வது மேல்.

அறிகுறி: மெட்டாரே மாறவில்லை

அரை மணிக்கு ஒருமுறை மாற வேண்டிய வரி ஒரு மணி நேரமாக அப்படியே இருந்தால், நீங்கள் பார்க்கும் தளம் பழையதைக் காட்டுகிறது. வேறு தளத்தில் பாருங்கள். வானிலை திடீரென்று மாறினால் அரை மணிக்குக் காத்திராமல் ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கையும் வெளியிடுவார்கள். ஆகவே 1130, 1200 என்று இல்லாமல் 1142 போல ஒற்றை நேரத்தில் ஒரு வரி கண்டால், அதை முதலில் படியுங்கள். எந்தத் தளத்திலும் புதிய வரி கிடைக்கவில்லை என்றால் கடைசியாகக் கிடைத்த டாஃபைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விமானம் புறப்பட்டுவிட்டதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். துபாயிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அது கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து நாகர்கோவிலில் வண்டி எடுத்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.